இரண்டு மூக்குத்தி ஒன்றாகும் வரை

மதுரை
ஆகஸ்ட் 12

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. பேத்திக்குப் பல் முளைத்ததற்கு இரண்டு வரி, புதிதாக வாங்கிய பழைய லைக்கா எம்8 கேமராவுக்கு நான்கு பக்கம். தங்கச்சி கண்ணில் அது பட்டிருக்காது என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம். எனக்கு இடது முழங்கால்தான் மாடி ஏறும்போது முனகுகிறது. வைகையில் வழக்கம்போல மணலும் மாடும். சின்னவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவன் அறை இப்போது என் கேமரா அறை. அவன் அம்மா இன்னும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லென்ஸ் இல்லாத வெறும் பாடிக்கே கைக்காசு கரைந்துவிட்டது, மிச்சத்துக்குள் என்ன லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டு ஏழு பெயர் எழுதியிருக்கிறாய். ஆறை அடித்துவிட்டேன். கோபப்படாமல் படி.

உனக்கு எங்கள் பெரியப்பாவின் யாஷிகா எலக்ட்ரோ 35 நினைவிருக்கும். சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து, தோல் உறையோடு பீரோவில் பூட்டி வைத்திருப்பாரே, அதுதான். சித்திரைத் திருவிழாவுக்கு அதை இரவல் வாங்க நாம் அவருக்கு எத்தனை நாள் வெற்றிலை வாங்கிக் கொடுத்திருப்போம்! முதல் படம் அம்மாவை எடுத்தோம். நடுவில் இருக்கும் மஞ்சள் கட்டத்துக்குள் அம்மாவுக்கு இரண்டு மூக்குத்தி தெரிந்தது. வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகின. "அமுக்குடா" என்று நீ கத்தினாய். இப்படி ஃபோகஸ் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா என்றால் எனக்கு இன்றைக்கும் அவ்வளவுதான்.

அந்த யாஷிகாவில் லென்ஸைக் கழற்ற முடியாது. லென்ஸும் கேமராவும் ஒரே இடத்தில் பிறந்தவை, சண்டையே இல்லை. உன் எம்8-ம் ரேஞ்ச்ஃபைண்டர்தான், ஆனால் அதில் லென்ஸைக் கழற்றி மாட்டலாம். அது லென்ஸ் வழியாகப் பார்ப்பதே கிடையாது. லென்ஸின் பின்னால் இருக்கும் உலோக விளிம்பு கேமராவுக்குள் இருக்கும் ஒரு சின்ன உருளையைத் தள்ளும். அந்தத் தள்ளலை வைத்துத்தான் இரண்டு பிம்பமும் நகர்கின்றன. அதாவது லென்ஸ் சொல்வதைக் கேமரா அப்படியே நம்பிவிடும். லென்ஸ் பொய் சொன்னால், மூக்குத்தி ஒன்றாகத் தெரியும், படத்தில் காது தெளிவாக இருக்கும். லைவ் வியூ இருந்தாலாவது திரையில் பார்த்துத் தப்பிக்கலாம். எம்8-லும் அதற்கு அடுத்து 2009இல் வந்த எம்9-லும் அது இல்லை.

இந்தப் பாடத்துக்கு நான் தனியாக ஃபீஸ் கட்டினேன். என் எப்சன் ஆர்-டி1 வந்த புதிதில் (2004இல் வந்த முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் அதுதான், அதற்கு இன்னும் ஃபிலிம் கேமரா மாதிரி நெம்புகோலைத் தள்ளினால்தான் ஷட்டர் ஏறும்) மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு பழைய சோவியத் 50 மி.மீ. வாங்கினேன். அழகான லென்ஸ். தூரத்துக் கோபுரம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி வந்தது. கிட்டத்தில் ஒரு முகம்கூட நிற்கவில்லை. வயதாகிவிட்டது, கண் போய்விட்டது என்று நானே முடிவு செய்து கண் டாக்டரிடம் போனேன். அவர் எழுதிக் கொடுத்த புதுக் கண்ணாடியோடு எடுத்தாலும் அதே கதை. கடைசியில் தையல்காரர் டேப்பை மேசைமேல் நீளவாக்கில் விரித்து, ஒரு மீட்டர் தள்ளி, அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, முழுதாகத் திறந்து, 50 என்ற எண்ணில் குறிவைத்து எடுத்துப் பார்த்தேன். 57 தான் பளிச்சென்று இருந்தது. எனக்கு முன்னால் யாரோ அதைக் கழற்றி மாட்டியபோது உள்ளே போட வேண்டிய மெல்லிய வளையத்தைத் தவறவிட்டிருக்கிறார்கள். கண்ணாடி மட்டும் மிச்சம். இப்போது பேப்பர் படிக்க உதவுகிறது.

ரஷ்ய லென்ஸ் எல்லாமே இப்படி என்று சொல்ல வரவில்லை. உன் பட்டியலில் இருக்கும் ஜூபிடர்-8, இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனி செய்த சோனார் லென்ஸின் வழித்தோன்றல். முகங்களுக்கு அருமையான மென்மை. ஆனால் லைக்காவின் ஃபோகஸ் கணக்கு 51.6 மி.மீ. லென்ஸை அடிப்படையாக வைத்தது. சோவியத் கணக்கு ஸைஸின் கான்டாக்ஸ் கேமரா வழியில் வந்தது, ஒரு துளி அதிகம். தூரத்தில் தெரியாது, கிட்டத்தில் காட்டிக்கொடுக்கும். கையில் வைத்துச் சோதித்து வாங்க முடிந்தால் இரண்டாவது லென்ஸாக வாங்கு, முதலாவதாக வேண்டாம். ஜூபிடர்-12 பக்கமே போகாதே. அதன் பின்கண் கேமராவின் வயிற்றுக்குள் வெகு ஆழமாக இறங்கும். அதேபோல, குழாய் மாதிரி உள்ளே மடக்கும் பழைய லென்ஸ் எது கிடைத்தாலும் எம்8-ல் மாட்டிவிட்டு மடக்காதே.

நான் அடிக்காமல் விட்டது ஒன்றே ஒன்று: ஃபோக்ட்லாண்டர் கலர்-ஸ்கோபார் 35 மி.மீ., எஃப் 2.5. பெயர் 1756இல் வியன்னாவில் தொடங்கிய கம்பெனியுடையது, புகைப்படமே பிறக்காத காலம். இப்போது அந்தப் பெயரில் செய்வது ஜப்பானின் கோசினா. 134 கிராம்தான், சட்டைப் பையில் போட்டால் வெற்றிலைப் பெட்டி அளவுக்குக்கூடத் துருத்தாது. புது லைக்கா சம்மிகிரான் 35 ஒன்று வாங்கும் காசில் இதைப் பழையதாக ஐந்தாறு வாங்கிவிட்டு மிச்சத்தில் ஊருக்கும் வந்து போகலாம்.

ஏன் 35? மி.மீ. எண் கூடக் கூடக் காட்சி குறுகும். எம்8-ன் சென்சார் ஃபிலிமைவிடச் சின்னது, 1.33 மடங்கு. 35 போட்டால் கிட்டத்தட்ட 47 மாதிரி தெரியும். நாம் யாஷிகாவில் பழகியது 45. கை மறந்திருக்காது. நீ ஆசைப்படும் 50 அதில் 67 ஆகிவிடும், வீட்டுக்குள் பேத்தியை எடுக்க நீ சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். 90 என்றால் 120. வியூஃபைண்டரில் அதன் சட்டம் தபால்தலை அளவுதான், வேண்டாம்.

"எஃப் 2.5 தானா, ராத்திரி என்ன செய்ய?" என்று கேட்பாய் என்று தெரியும். நியாயமான கேள்விதான், எஃப் எண் குறையக் குறையத்தான் ஒளி அதிகம் உள்ளே வரும், எம்8-ல் ஒளியுணர்வை ஐ.எஸ்.ஓ. 640-க்கு மேல் ஏற்றினால் படம் மணல் மணலாக வரும். அதற்காக 1.4 தேடினால் அதே கம்பெனியின் நோக்டன் 35 மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் அப்பர்ச்சரைக் கொஞ்சம் மூடினால் ஃபோகஸ் பின்னால் நகரும். பழகியவன் சமாளிப்பான். முதல் வருஷத்தில் தப்பு உன்னுடையதா லென்ஸுடையதா என்று தெரியாமல் நீயும் கண் டாக்டரிடம் போய் நிற்பாய். 7ஆர்டிசன்ஸ் 50 எஃப் 1.1 பற்றியும் எழுதியிருந்தாய். பின்னால் இருக்கும் விளிம்பை நீயே திருகித் திருத்திக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள், அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. இருந்தாலும் 1.1 திறப்பில் ஒரு கண் தெளிந்தால் மறு கண் மங்கும். ஓடுகிற குழந்தையிடம் அது பலிக்காது.

ஸ்கோபாரை வெயிலில் எஃப் 8-ல் வைத்து மூன்று மீட்டரில் விட்டுவிடு. இரண்டு மீட்டரிலிருந்து ஐந்து மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும், கட்டத்தைப் பார்க்கவே வேண்டாம். எதுவரை தெளிவு என்று லென்ஸின் மேல் கோடு போட்ட கணக்கு ஃபிலிமுக்கானது, எம்8-க்கு அதை ஒரு படி கஞ்சத்தனமாகப் படி. அடியில் விரல் வைக்க ஒரு சின்னப் பிடி இருக்கும். ஒரு மாதத்தில் விரல் எங்கே நிற்கிறது என்பதை வைத்தே தூரம் சொல்வாய், அம்மா உப்பை அளக்காமல் போடுவது மாதிரி.

இன்னொன்று, இதைக் கட்டாயம் செய். நீ அனுப்பிய ஐயப்ப சாமிகள் படத்தில் கறுப்பு வேட்டியெல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கிறதே, கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. எம்8-ன் சென்சாருக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி ரொம்ப மெல்லியது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் உள்ளே போய்விடும். செயற்கை நூல் கலந்த கறுப்புத் துணி அந்த ஒளியைத் திருப்பி அனுப்பும். பருத்தி என்று சொல்லி விற்ற வேட்டியின் வண்டவாளமும் இதில் தெரிந்துவிடும். லென்ஸ் முன்னால் அந்த ஒளியைத் தடுக்கும் யுவி-ஐஆர் ஃபில்டர் ஒன்று போட்டால் சரியாகிவிடும். 2006இல் இந்தக் குறை வெளியே வந்தபோது லைக்காவே எம்8 வாங்கியவர்களுக்கு இரண்டு ஃபில்டர் இலவசமாகக் கொடுத்தது. உனக்கு விற்றவரிடம் அந்தப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டுப்பார். ஸ்கோபாருக்கு 39 மி.மீ. அளவு. லென்ஸ் விலைக்குள் இதையும் சேர்த்தே கணக்குப் போடு.

சிங்கப்பூரில் பெனின்சுலா கேமராக் கடைகள் பக்கம் பழைய லென்ஸ் வாங்கப் போகும்போது கைப்பேசி டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறு பக்கத்திலிருந்து பார். சிலந்திவலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, வைத்துவிட்டு நட. பால் ஊற்றிய மாதிரி மங்கலாக இருந்தாலும் அதே முடிவு. நாலு தூசி கிடந்தால் கவலைப்படாதே. அப்புறம் உன் கேமராவையும் கையோடு கொண்டு போ, தையல் டேப்பையும். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். உங்கள் ஊரின் ஈரப்பதத்துக்கு வாங்கிய லென்ஸைத் தோல் பையில் பூட்டி வைக்காதே. பெரியப்பா அப்படித்தான் யாஷிகாவுக்குப் பூஞ்சை வளர்த்தார்.

அந்த யாஷிகா இப்போது என்னிடம்தான் இருக்கிறது. அதற்கான பாதரச பேட்டரி கிடைப்பதில்லை, வேறு பேட்டரியோடு ஒரு துண்டு அலுமினியத் தாளை மடித்து வைத்து ஓட்டுகிறேன்.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தாய். எம்8-ஐ எடுத்துக்கொண்டு வா. அம்மாவுக்கு எண்பத்தேழு ஆகிறது, அதே மூக்குத்திதான். ஆனால் முன்னே மாதிரி அசையாமல் உட்காரமாட்டாள். நீ ஒன்றாக்குவதற்குள் "காப்பி ஆறுதுடா" என்று எழுந்து போய்விடுவாள்.

அன்புடன்,
ராஜு