மொம்பாசா பயணம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஆகஸ்ட் விடுமுறையில் நம் நைரோபி வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மொம்பாசாவுக்கு அழைத்துப் போகிறோம். கடற்கரையில் எவ்வளவு நேரம் என்று பலர் கேட்டுவிட்டீர்கள். கடைசி நாள் மாலை மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் பழைய நகரமும் ஜீசஸ் கோட்டையும்.

போர்த்துகீசியர் 1593இல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. பீரங்கிகளைக் கண்டதும் பிள்ளைகள் ஓடுவார்கள், சரி, ஓடட்டும். நான் நிறுத்திக் காட்டப்போவது ஒரு சுவரை. காவலுக்கு இருந்த வீரர்கள் பொழுது போகாமல் கப்பல் கப்பலாக அதில் வரைந்து தள்ளியிருக்கிறார்கள். 1895 முதல் 1958 வரை ஆங்கிலேயர் கோட்டையைச் சிறைச்சாலையாக வைத்திருந்ததையும் சொல்வோம்.

அப்புறம் பழைய துறைமுகம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்கிலிருந்து அடிக்கும் கஸ்காசி காற்றில் இந்திய, அரபுப் பாய்மரக் கப்பல்கள் துணியும் பாசிமணியும் கொண்டுவந்தன. ஏப்ரலுக்கு மேல் தெற்கிலிருந்து குசி கிளம்பியதும் தந்தம் ஏற்றிக்கொண்டு திரும்பின. அடிமைகளாக மனிதர்களையும் ஏற்றினார்கள். வயதறிந்து அதையும் பேசுவோம். 1498இல் மொம்பாசாவில் வரவேற்பில்லாத வாஸ்கோடகாமா, வடக்கே இருக்கும் மலிந்தித் துறைமுகத்தில் ஒரு வழிகாட்டியைப் பிடித்து ஒரு மாதத்துக்குள் கோழிக்கோடு சேர்ந்தார். திரும்பும்போது காற்று மாறக் காத்திருக்காமல் அக்டோபரிலேயே புறப்பட்டதால், அதே கடலுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் பிடித்தது. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயில் பலர் செத்தார்கள். பருவக்காற்றுக்கு இதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை. நாம் போகும்போது குசி வீசும், முகத்திலேயே படும்.

இனி வீட்டில் செய்ய வேண்டியவை. ரயில் நிலையத்தில் பைகளை வரிசையாகத் தரையில் வைத்து நாயை மோப்பம் பிடிக்க விடுவார்கள். பயப்படும் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், 2017 முதல் நாட்டில் தடை. பழைய நகரத்தில் 1570இல் கட்டிய மந்த்ரி பள்ளிவாசல் தெருவழியாக நடப்போம்; தோளும் முழங்காலும் மறையும் உடை போதும். ஆட்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. சைவம் சாப்பிடுபவர்கள் கவலைப்பட வேண்டாம்: காலையில் ஏலக்காய் மணக்கும் மஹம்ரி என்ற பொரித்த ரொட்டியும், தேங்காய்ப்பாலில் வெந்த துவரையும் கிடைக்கும். மொம்பாசாவில் மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரை பற்றி உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்புதல் படிவத்தையும் பிள்ளையின் பாஸ்போர்ட் நகலையும் அடுத்த ஞாயிறு வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள். கட்டணம் கட்டச் சிரமம் இருந்தால் நேரில் வந்து என்னிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்