தட்டினால் வராது பேனாக் கட்டை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரெசின் பேனா செய்வது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். நிறம் கலப்பதற்கும் மினுக்குத் தூள் தூவுவதற்கும் பத்தி பத்தியாக இடம் கொடுத்தவர், வார்த்த கட்டையை அச்சிலிருந்து எடுப்பதை ஒரே வரியில் முடித்துவிட்டார். இறுகியதும் சுத்தியலால் தட்டினால் வந்துவிடுமாம். அதைப் படித்துவிட்டு யாராவது தட்டுவதற்குள் இந்தக் கடிதம் அச்சேறினால் நல்லது.

ரெசின் என்பது இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்து அச்சில் ஊற்றினால் கெட்டியாகும் திரவம்; எபாக்சி, பாலியெஸ்டர், பாலியூரித்தேன் எல்லாம் அதன் வகைகள். பேனாக் கட்டை என்பது லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், கடைவதற்கு முந்தைய சதுரத் தண்டு. பக்கம் 19 மி.மீ., நீளம் சுமார் 130 மி.மீ. ஒன்றுக்கு 47 மில்லி ரெசின் பிடிக்கும். இறுகிய ரெசின் கண்ணாடிக்குத் தம்பி. அதிலும் பாலியெஸ்டர் ரெசின் சட்டென்று நொறுங்கும் சாதி. தட்டும்போது மூலை பெயர்ந்தால் கண்ணுக்காவது தெரியும். உள்ளே மயிரிழையாக ஓடும் விரிசல் தெரியாது. பேனாவின் உள்ளே வரும் பித்தளைக் குழாய்க்குத் துளை போடும்போதோ, நிமிடத்துக்கு 2,000 சுற்றில் உளி வைக்கும்போதோதான் தெரியும். அப்போது அது கடைபவரின் முகத்தை நோக்கிப் பறந்து வரும்.

கட்டை சுலபமாக வருமா, வராதா என்பது ரெசினை ஊற்றுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அச்சு கட்டையைப் பிடித்துக்கொள்வது மூன்று விதம். ஒன்று, ரெசின் அச்சின் மேல் பசை போல ஒட்டிக்கொள்வது. இரண்டு, கீறல், பள்ளம், திருகுத் துளை ஆகியவற்றில் ரெசின் புகுந்து கொக்கி போட்டுக்கொள்வது. மூன்று, காற்று நுழைய வழியில்லாமல் உறிஞ்சிக்கொண்டு நிற்பது. எதனால் பிடித்திருக்கிறது என்று தெரியாமல் பலத்தைக் காட்டினால் அச்சும் போகும், கட்டையும் போகும்.

ஒட்டும் சிக்கலை அச்சின் பொருளை வைத்தே பெரும்பாலும் தீர்த்துவிடலாம். பிளாஸ்டிக் சாமான்களின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 2 என்றால் எச்.டி.பி.ஈ., 5 என்றால் பாலிபுரொப்பிலீன். இந்த இரண்டிலும் ரெசின் ஒட்டுவதில்லை. காய்கறி வெட்டும் வெள்ளைப் பலகைகள் பல எச்.டி.பி.ஈ.தான். அதை அறுத்துத் திருகு போட்டால் அருமையான அச்சு. 6 என்றால் பாலிஸ்டைரின். தெர்மோகோலும் அந்த இனம்தான். பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரின் அதைக் கரைத்து ஒழுகவிட்டுவிடும். கண்ணாடியில் எபாக்சி ஊற்றினால், எடுக்கும்போது கண்ணாடிச் சில்லும் சேர்ந்து பெயரும். மைக்கா ஒட்டிய பலகை வழவழப்பாகத்தான் இருக்கும். அதை நம்பக் கூடாது. பிளைவுட்டோ மைக்காவோ, உட்புறம் முழுக்கப் பார்சல் ஒட்டும் பிரவுன் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டிவிட்டு ஊற்ற வேண்டும். டேப்பின் முதுகு பாலிபுரொப்பிலீன் என்பதால் ரெசின் அதில் பிடிக்காது. உருண்டைக் கட்டை வேண்டுமென்று 25 மி.மீ. கரண்ட் பைப்பில் ஊற்றுகிறவர்கள் பைப்பை முதலில் நீளவாக்கில் ஒரு பக்கம் அறுத்துக்கொள்ளுங்கள். உள்ளே மெழுகு தடவி, வெளியே டேப்பும் கிளிப்பும் போட்டு இறுக்கி, அப்புறம் ஊற்றுங்கள். அறுக்காத பைப்பிலிருந்து கட்டையை எடுக்கப் பைப்பையே உடைக்க வேண்டிவரும்.

அடுத்தது வடிவம். அச்சின் சுவர் நேர்செங்குத்தாக இருக்கக் கூடாது. 20 மி.மீ. ஆழத்துக்கு வாய் 20 மி.மீ., அடி 19 மி.மீ. என்று வைத்தால் பக்கத்துக்கு ஒன்றரை டிகிரிச் சரிவு கிடைக்கும், அது போதும். ரம்பத் தடங்கள் கிடைவாக ஓடினால் ஒவ்வொரு தடமும் ஒரு படி. ரெசின் அதில் கால் ஊன்றிக்கொள்ளும். உப்புத்தாளை மேலும் கீழுமாக, கட்டை வெளியே வரும் திசையிலேயே தேய்க்க வேண்டும். அடிப்பலகையில் ஒவ்வொரு குழிக்கும் நடுவே 6 மி.மீ. துளை ஒன்று போட்டு, ஊற்றும் முன் உட்பக்கம் டேப்பால் மூடிவிடுங்கள். வெளியிலிருந்து குச்சியால் தள்ளவும், காற்று உள்ளே போகவும் அந்தத் துளை ஒன்றே வழி. பத்து நிமிட வேலைதான், பெரும்பாலோர் செய்வதில்லை.

சிலிகான் அச்சு வாங்குகிறவர்கள் இனி கவலையே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். புதிதில் கட்டை வழுக்கிக்கொண்டு வருவது உண்மை. ஆனால் ஒவ்வொரு வார்ப்பின் சூடும், ஸ்டைரினும், ஹார்டனரும் சிலிகானைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கின்றன. பளபளப்பு மங்கிக் குழி வெளுத்தால் அச்சுக்கு வயதாகிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகும் ஊற்றினால், ஒருநாள் சிலிகானே பிய்ந்து கட்டையோடு வரும். வீட்டில் செய்த சிலிகான் அச்சில் இன்னொரு வினை உண்டு. சிலிகானுக்குள்ளேயே சிறைப்பட்ட காற்றுக் குமிழிகள், பிரஷர் பாட் என்னும் அழுத்தக் கலனுக்குள் 40, 50 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) ஏறும்போது நசுங்கி இடம் விடும். அந்தப் பள்ளத்தில் ரெசின் இறங்கிப் பருப் பருவாக இறுகி, கட்டையைப் பிடித்துக்கொள்ளும். அழுத்தத்தில் வார்க்கப்போகிறீர்கள் என்றால் சிலிகான் அச்சையும் அதே அழுத்தத்தில் வைத்துத்தான் செய்ய வேண்டும். பிரஷர் பாட் என்றதும் சமையல் குக்கரைத் தேடாதீர்கள். அது 15 பிஎஸ்ஐ அளவுக்குச் செய்தது. கம்ப்ரஸரை அதில் இணைப்பது வெடிகுண்டு செய்வதற்குச் சமம்.

தடவும் பொருள்களைப் பற்றி. பாலியெஸ்டர் வேலைக்கு ஃபைபர் கடைகளில் கிடைக்கும் மெழுகே போதும். தடவி, மங்கலாகக் காயவிட்டு, துணியால் மெருகேற்றி, புது அச்சென்றால் இதையே மூன்று நான்கு முறை செய்ய வேண்டும். அதன் மேல் பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்) கரைசலை மெல்லிதாகப் பூசிக் காயவிட்டால் தண்ணீரில் கரையும் தோல் ஒன்று கிடைக்கும். ஆனால் பி.வி.ஏ. தண்ணீர் கலந்தது. பாலியூரித்தேன் ரெசினுக்கு ஈரம் பட்டால் நுரைத்துவிடும், ஆகவே அங்கே வேண்டாம். அதே கடையில் பாலியெஸ்டரை இறுகவைக்கக் கோபால்ட்டும் காடலிஸ்டும் தருவார்கள். இரண்டையும் ஒருபோதும் நேராகக் கலக்காதீர்கள், தீப்பற்றும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே காடலிஸ்டை ஊற்ற வேண்டும்.

சிலிகான் ஸ்பிரே என்றால் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பனி போல ஒரு வீச்சு. மூலையில் தேங்கினால் கட்டையில் குழி விழும். மரத்துண்டும் ரெசினும் கலந்த கட்டை வார்ப்பவர்கள், மரத்தை வைப்பதற்கு முன்பே ஸ்பிரேயை முடித்துவிட வேண்டும். மரத்தில் ஒரு துளி பட்டாலும் அந்த இடத்தில் ரெசின் பிடிக்காமல் லேத்தில் பிரிந்துவிடும். மரம் மிதக்காமலிருக்க ஹாட் குளூ வைத்திருந்தால், எடுக்கும் நேரத்தில் அதுவும் ஒரு பிடி. ஐசோபுரொபைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு அதன் ஓரத்தில் விட்டால் பசை தானாக விட்டுவிடும்.

ஊற்றும்போது அச்சின் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்துங்கள். ரெசின் சுவரோரம் சற்று மேலேறித்தான் நிற்கும். விளிம்பு வரை நிரப்பினால் அது வழிந்து பக்கத்துக் குழியோடு தோல் போலச் சேர்ந்துகொள்ளும். வராத கட்டைகளில் பல, அடியில் ஒட்டியதால் வராதவை அல்ல. இந்த மேல் விளிம்பில் மாட்டிக்கொண்டவை. எனவே எதையும் இழுப்பதற்கு முன் கட்டர் பிளேடால் சுற்றிலும் விளிம்பைச் சீவி எடுங்கள். அந்தச் சீவல் கத்தி போல வெட்டும், கையுறை இருக்கட்டும்.

எப்போது எடுப்பது? எபாக்சி என்றால் சென்னை வெயிலிலும் 24 மணி நேரம். பாலியூரித்தேன் சில மணி நேரத்தில் தயாராகிவிடும். டப்பாவில் போட்டிருக்கும் நேரமே கணக்கு. கலக்கிய கோப்பையில் மிச்சமிருப்பதில் நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் காத்திருங்கள். அவசரப்பட்டு எடுத்த கட்டை வாழைக்காய் போல வளையும். அதில் நேராகத் துளை போட யாராலும் முடியாது. முழு நாளுக்குப் பிறகும் பிசுபிசுப்பு இருந்தால் தவறு கலவையில். எபாக்சி டப்பாவில் ரெசினுக்கும் ஹார்டனருக்கும் போட்டிருக்கும் 2:1 என்பது கன அளவா, எடையா என்று பாருங்கள். ஹார்டனர் ரெசினைவிட எடை குறைவு என்பதால், கன அளவில் 2:1 என்பது எடையில் 100-க்கு 43 வாக்கில்தான் வரும். தராசில் 50 வைத்தால் ஹார்டனர் மிஞ்சி, கட்டை ரப்பராகவே நிற்கும். பாலியெஸ்டரில் காற்றுப் படும் மேற்பரப்பு மட்டும் பிசுபிசுத்தால் பயப்பட வேண்டாம், அது அதன் இயல்பு. கடைசலில் போய்விடும்.

இப்போது எடுக்கும் வேலை. திருகு போட்ட அச்சென்றால் திருகுகளை எல்லாம் கழற்றுங்கள். சிலிகான் என்றால் நான்கு பக்கச் சுவரையும் ஒவ்வொன்றாக வெளிப்புறம் மெல்ல விரித்துக் காற்றை உள்ளே விடுங்கள். சுவர் பிரியும் இடத்தில் வெளிறிய ஒரு கோடு ஓடும். அந்தக் கோடு கட்டையைச் சுற்றிவந்த பிறகு, விளிம்பில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் அது தானே உள்ளே இறங்கும். பிறகு அச்சைக் கவிழ்த்து, ஒரு முனையிலிருந்து தொடங்கிக் கட்டைவிரலால் அடியைத் தள்ளிக்கொண்டே போங்கள். மேலிருந்து முனையைப் பிடித்து இழுப்பதுதான் உறிஞ்சலை இறுக்குகிறது. எச்.டி.பி.ஈ. அச்சில் அடித்துளை வழியாகக் குச்சியால் ஊன்றித் தள்ளுங்கள். கம்ப்ரஸர் காற்று கொடுப்பதானால் 30 பிஎஸ்ஐக்குள், அச்சின் வாய்ப்புறத்தைத் துணியால் மூடிக்கொண்டு.

அப்போதும் அசையவில்லை என்றால் பிளாஸ்டிக் பையில் சுற்றி 15, 20 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். அச்சும் ரெசினும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் ஒட்டு விட்டுப்போகும். இதில் ஒரு நுணுக்கம்: எச்.டி.பி.ஈ. ரெசினைவிட அதிகமாகச் சுருங்கும். திருகு கழற்றாமல் உள்ளே வைத்தால் கட்டையை முன்னைவிட இறுக்கிப் பிடிக்கும். வெந்நீர் வைத்தியம் எபாக்சிக்கு ஆகாது; 50 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே அது இளகத் தொடங்கிவிடும். சோறு குழம்பு வைக்கும் ஃப்ரீசரை இதற்குப் பயன்படுத்தவும் வேண்டாம்.

கலவை தவறி, இறுகாத பசை சிலிகான் அச்சிலேயே தங்கிவிட்டால் அசிட்டோன் ஊற்றிச் சுரண்டாதீர்கள். சிலிகான் ஊதிப்போகும். சரியான விகிதத்தில் கலக்கிய புது ரெசினை அதன் மேலேயே ஊற்றி இறுகவிடுங்கள். பழைய பசையையும் அது தன்னோடு பிடித்துக்கொண்டு ஒரே துண்டாக வெளியே வரும்.

இப்படிக்கு,
ரெசின் வார்ப்பும் கடைசலும் செய்யும் இருவர்,
அம்பத்தூர், சென்னை.