சொட்டு மருந்து போட்ட பிறகா படிவம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கண் அறுவை சிகிச்சையில் கொஞ்சம் கோளாறு என்றாலே, "டாக்டர் மேல் கேஸ் போடுங்கள், லட்சக்கணக்கில் கிடைக்கும்" என்று நம் ஆட்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்கச் செய்திகளைப் பார்த்து வந்த பேச்சு இது. அங்கே ஜெயித்தால் இழப்பீட்டில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும் வழக்கறிஞர்கள் உண்டு. இங்கே சிங்கப்பூரில் அப்படிப் பங்கு வாங்கச் சட்டம் விடாது, தோற்றால் பொதுவாக எதிர்த்தரப்பின் செலவும் நம் தலையில்தான் விழும். மருத்துவ மன்றத்தில் புகார் கொடுக்கலாம், ஆனால் அது டாக்டரின் நடத்தையை விசாரிக்கும் இடம், நமக்கு இழப்பீடு வாங்கித் தராது.

அப்புறம், கோளாறு எல்லாமே டாக்டரின் தவறும் இல்லை. கண்புரை எடுத்துச் சில மாதமோ வருடமோ கழித்து கண்ணுக்குள் வைத்த செயற்கை லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு மங்கலாகும், "ஆப்பரேஷன் வீணாப்போச்சு" என்று அழுவார்கள், சில நிமிட லேசர் சிகிச்சையில் பொதுவாகத் தெளிந்துவிடும். இதை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிச் சண்டை வராது.

சொல்வதில்தான் விஷயமே இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சட்டத் திருத்தத்தின்படி, டாக்டர் தந்த ஆலோசனை சக மருத்துவர்கள் ஏற்கும்படி இருந்ததா என்பதோடு, அந்த நோயாளிக்கு முக்கியம் என்று டாக்டருக்குத் தெரிந்த, தெரிந்திருக்க வேண்டிய விவரத்தைச் சொன்னாரா என்பதும் கணக்கில் வரும். இரவில் டாக்சி ஓட்டும் ஒருவருக்கு, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து உதவும் மல்ட்டிஃபோகல் லென்ஸ் வைத்தால் எதிரே வரும் விளக்கைச் சுற்றி வளையம் தெரியக்கூடும், அவருக்கு அது பிழைப்பு. ஆனால் நான் இரவில் ஓட்டுகிறேன் என்று அவரும் வாய் திறக்க வேண்டுமே! நம் பெரியவர்களோ எல்லாவற்றுக்கும் "சரி டாக்டர், சரி டாக்டர்" தான்.

நான் எழுத வந்தது இதுதான். என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் கண் பாவையை விரிக்கும் சொட்டு மருந்தைப் போட்டு உட்கார வைத்தார்கள். போட்டால் சில மணி நேரத்துக்குப் பக்கத்தில் உள்ள எழுத்து கலங்கித்தான் தெரியும், அந்த நேரம் பார்த்து ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒப்புதல் படிவத்தை நீட்டி, கையெழுத்து போட வேண்டிய இடத்தைத் தாதி விரலால் தொட்டுக் காட்டினார். அம்மா தடவித் தடவிப் போட்டார். அவருக்கு நன்றாகக் கண் தெரிகிறது இப்போது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஏதாவது ஆகியிருந்தால் "படித்துப் பார்த்துத்தானே கையெழுத்து போட்டார்" என்று அந்தத் தாளைத்தானே காட்டியிருப்பார்கள்?

கண் மருத்துவமனைகளே, படிவத்தை முதல் சொட்டுக்கு முன்னால் கொடுங்கள், முடிந்தால் முந்தின வாரமே வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். கூட ஒரு பக்கம் பெரிய எழுத்தில் தமிழில் இருக்கட்டும். தமிழ் பேசும் தாதி யாராவது விளக்கினால் அவர் என்ன சொன்னார், நோயாளி என்ன கேட்டார் என்பதைக் கோப்பில் எழுதி வையுங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் டாக்டருக்கும் அதுதான் துணை.

வாசகி,
ஈசூன்