மெட்ராஸ் பஸ்சும் எங்க தோட்டத்து ரோட்டும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துல முன்பள்ளி டீச்சரா இருக்கேன். தம்பி சம்சாரத்துக்கு புள்ள பொறந்திச்சுன்னு கூடமாட ஒத்தாசைக்கு போன வருசம் சென்னைக்கு போய் குரோம்பேட்டையில 2 மாசம் இருந்துட்டு வந்தேன், வந்ததுல இருந்து ஒரு விசயம் மனசுக்குள்ள கெடந்து உறுத்துது, அதான் எழுதுறேன்.

மொத வாரம் ஒன்னுமே புடிபடல. வெயிலும் ஹோர்ன் சத்தமும் தலைய சுத்திச்சு. குடிக்கிற தண்ணிய 20 லீட்டர் கேன்ல சல்லி குடுத்து வாங்குறாங்க, தண்ணி லொறி வந்தா பொம்பளைங்க கலர் கலரா குடத்த வச்சிக்கிட்டு நிக்கிறாங்க, மலையில இருந்து சும்மா வந்து விழுற பீலித் தண்ணியில வளந்த எனக்கு அத பாக்கவே பாவமா இருந்திச்சு. ஒரு டீ குடிச்சாலும் கைபோன காட்டித்தான் சல்லி கட்டுறாங்க.

இலங்கைன்னு சொன்னா ஒடனே "யாழ்ப்பாணமா?"ன்னு கேக்குறாங்க. இல்ல, ஹட்டன், தேயிலத் தோட்டம்னு சொன்னா "அங்கயும் தமிழ் ஆளுங்க இருக்காங்களா?"ன்னு கேட்டாங்க. எனக்கு கோவம் வரல, அழுகதான் வந்திச்சு. இவங்க ஊருகள்ல இருந்து தானே எங்க ஆளுங்கள கோப்பித் தோட்டத்துக்கும் தேயிலைக்கும் கொண்டாந்தாங்க, 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துல 5,25,000 பேர திருப்பி எடுக்கிறதா இந்தியா கையெழுத்து போட்டிச்சு, எங்க பெரியப்பா குடும்பமும் அப்பிடி போய்த்தான் இப்ப கோத்தகிரியில இருக்கு.

சரி, நான் சொல்ல வந்தது பஸ் விசயம். 2021 மே மாசத்துல இருந்து தமிழ்நாட்டுல சாதாரண கட்டண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு சல்லி இல்ல. நான் முன்னுக்கு பிங்க் கலர் அடிச்ச பஸ்ல ஏறி சல்லிய நீட்டினா கண்டக்டர் வேணாம்னு சொல்லி சும்மா ஒரு டிக்கட்ட கிழிச்சு குடுத்தாரு, நீ எந்த ஊரு, அடையாள அட்டை இருக்கான்னு ஒன்னும் கேக்கல. பூக்கூடையோட ஒருத்தி, யூனிபோர்ம்ல கடைக்கு போற புள்ளைங்க, பக்கத்துல வீட்டு வேலைக்கு போற ஒரு அக்கா. அந்த அக்கா முந்தி பஸ்சுக்கு போன காசு இப்ப மக டியூசனுக்கு போகுதுன்னு சொன்னாங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன், எங்க தோட்டத்து புள்ளைங்க ஞாபகம் வந்திருச்சு.

தோட்டத்துல எங்க பிரிவு, அதான் எங்க டிவிசன்ல இருந்து டவுனுக்கு 9 கிலோமீட்டர். முந்தி காலையில ஒரு பஸ் வந்திச்சு, ரோட்டு ஒடஞ்சிருச்சுன்னு நிப்பாட்டினாங்க, ரோட்ட ஓரளவு செஞ்ச பொறகும் பஸ் வரல. ரெண்டு தரம் எல்லாரும் கையெழுத்து வச்சு சம்பந்தப்பட்ட கந்தோருக்கு கடிதம் குடுத்தோம், பதிலே இல்ல. ஆட்டோவுக்கு போக மட்டும் 900 ரூபா, கொழுந்து எடுக்குற ஒரு தாய்க்கு அது அரை நாள் சம்பளத்துக்கு மேல. கிளினிக் நாள்ல வயித்துப் புள்ளையோட நடக்குறாங்க, மழை, அட்டை, குளவி எல்லாத்தையும் தாண்டித்தான் நடக்கணும். நல்லா படிச்ச ரெண்டு பொம்பளப் புள்ளைங்க ஏ லெவல் கிளாஸ்ஸ பாதியில விட்டுட்டாங்க, ஒருத்தி நான் முன்பள்ளியில அ ஆ சொல்லிக் குடுத்த புள்ள, இப்ப அவ கொழும்புல ஒரு வீட்டுல புள்ள பாக்குறா.

நாங்க சும்மா கேக்கல ஐயா, சல்லி குடுத்து டிக்கட் எடுக்க ரெடி. காலையில 6.15க்கு ஒன்னு, ஸ்கூல் விட்டு வர 2 மணிக்கு ஒன்னு, அவ்வளவு தான். எந்தெந்த டிவிசனுக்கு பஸ் போறதில்லன்னு உங்க நிருபர்மார அனுப்பி விசாரிச்சு எழுதுங்க, எங்க தோட்டத்துக்கு வந்தா நான் கூட நடந்து வந்து ரோட்ட காட்டுறேன்.

இப்படிக்கு,
முன்பள்ளி ஆசிரியை ஒருத்தி,
ஹட்டன்.