ஆறு வயசுல சத்தமில்லாம முளைக்கற பல்லு: பெற்றோருக்கு தலைமையாசிரியர் கடிதம்

அன்பான அப்பா அம்மாமாருக்கும், பேரப்புள்ளைங்கள வளக்கற தாத்தா பாட்டிமாருக்கும் வணக்கம்.

போன மாசம் பல் டாக்டருங்க நம்ம ஸ்கூலுக்கு வந்து பாத்துட்டுப் போனாங்கல்ல, அதுக்கப்புறம் ஒண்ணாவதுல இருந்து மூணாவது வரைக்கும் புள்ளைங்க கிட்ட, கடவாப்பல்லுக்கு சீலன்ட் போட உங்க சம்மதம் கேட்டு ஒரு ஃபார்ம் குடுத்து விட்டோம், அதுல பாதிக்கு மேல கையெழுத்து இல்லாமலே திரும்பி வந்துருக்கு, சிலது பைக்குள்ளயே கசங்கிக் கெடக்குது. கேட்டா "நல்லா இருக்கற பல்லுல எதுக்கு சார் கைய வைக்கணும்"னு கேக்குறீங்க. நியாயமான கேள்விதான், ஆனா சீலன்ட்ங்கறது பல்லுல இருக்கற பள்ளத்த மூடி சொத்தை வராம தடுக்கற ஒரு பூச்சு, அத பல்லு நல்லா இருக்கும்போதுதான் போட முடியும், சொத்தை உள்ள எறங்கிட்டா அப்புறம் அடைக்கறதுதான், இல்லன்னா வேர் சிகிச்சை.

மூணாவது படிக்கற ஒரு பொண்ணு, சத்துணவுல எல்லாரும் முட்டைய கடிச்சு சாப்பிடறப்ப அது மட்டும் விரலால பிச்சுப் பிச்சு எடது பக்கமாவே ஒதுக்கி மென்னுட்டு இருந்துச்சு. வாயத் தொறம்மானு போன் டார்ச் அடிச்சுப் பாத்தா வலது கீழ்ப்பக்கக் கடவாப்பல்லு நடுவுல கருப்பா ஒரு குழி, அதுக்குள்ள பாட்டி வச்சு விட்ட கிராம்பு. அவங்க அம்மாவ கூப்புட்டுச் சொன்னேன், "பால்பல்லுதான சார், விழுந்து முளைச்சிடும்"னாங்க. எனக்கு மனசே ஆறல, ஏன்னா அது பால்பல்லே இல்ல, அந்தப் புள்ள கெழவி ஆகற வரைக்கும் வச்சுக்க வேண்டிய பல்லு.

இந்த எடத்துலதான் நம்ம எல்லாருமே ஏமாந்துடறோம். பால்பல்லு விழுந்தா சாணி உருண்டையில வச்சு கூரை மேல எறியறோம், புதுப்பல்லு வருதுனு ஊருக்கே தெரியும். ஆனா ஆறு வயசு வாக்குல கடைசிப் பால்பல்லுக்குப் பின்னாடி நாலு மூலையிலயும் ஒவ்வொரு கடவாப்பல்லு வரும், அதுக்காக எந்தப் பல்லும் விழாது, அதனால யாருக்கும் தெரியாது. முன்பல்லு நடுவுல இருந்து ஒரு பக்கமா எண்ணிட்டுப் போங்க, ஆறாவதா இருக்கறதுதான் அது. இன்னிக்கு ராத்திரியே டார்ச் அடிச்சுப் பாருங்க.

அந்தப் பல்லோட மேல்பக்கம் ஒழுங்கா சமமா இருக்காது, உழுத வயல் மாதிரி பள்ளம் பள்ளமா இருக்கும். சில பள்ளம் பிரஷ்ஷோட ஒரு நார விடவே ஒடுக்கம், அப்ப எவ்வளவு தேய்ச்சாலும் உள்ள போகாது. பிஸ்கட்டு, பத்து ரூவா சிப்ஸு எல்லாம் மாவா அதுல ஒட்டிக்கும், கிருமி அதத் தின்னு அமிலம் விடும், பல்லு கரையும். பூச்சினு நாம சொல்றோமே, புழு ஒண்ணும் கெடையாது, இதான் நடக்குது.

சீலன்ட் அந்தப் பள்ளத்த மூடிடும், ஒழுகற ஓட்டுக்கு மழைக்கு முன்னாடியே பூசற மாதிரி. ஊசி கெடையாது, மெஷின் வச்சு குடையறது கெடையாது. பல்ல சுத்தம் பண்ணி, சுத்தி பஞ்சு வச்சு எச்சில் படாம பாத்துட்டு, ஒரு ஜெல் அரை நிமிஷத்துக்குள்ள தடவிக் கழுவிடுவாங்க, காய வச்சா அந்த எடம் சாக்பீஸ் மாதிரி வெள்ளையாத் தெரியும், அது மேல சீலன்ட் பிசின விட்டு நீல லைட் அடிச்சா கெட்டியாயிடும். "ஆசிட் வைக்கறாங்களாமே"னு ஒருத்தர் பயந்துட்டாரு, அந்த ஜெல்லத்தான் சொல்றாங்க, சீலன்ட் பிடிக்கறதுக்காக பல்லு மேல்பரப்ப லேசா சொரசொரப்பாக்கறது மட்டும்தான் அதோட வேல. புள்ளைங்கள வச்சு புதுசா எதுவும் சோதிச்சுப் பாக்கல, 1955லயே அமெரிக்காவுல புவனகோர்னு ஒரு பல் மருத்துவர் இப்படிப் பண்ணா பல்லுல பிசின் நல்லா ஒட்டும்னு காட்டினாரு, 1967ல சீலன்ட் பத்தியும் ஆய்வு வெளியிட்டாரு. அமெரிக்க அரசாங்கத்தோட நோய்த் தடுப்பு மையம் (சிடிசி) சொல்றது, கடவாப்பல்லு சொத்தைல 80 சதவீதத்த ரெண்டு வருஷத்துக்கு இது தடுக்குது, நாலு வருஷம் வரைக்கும் பாதியத் தடுக்குது.

ஆனா இதப் போட்டாச்சுனு பல்லு வெளக்காம விட்றாதீங்க. ரெண்டு பல்லுக்கு நடுவுல வர்ற சொத்தைய சீலன்ட் தடுக்காது, அதுக்கு ஃப்ளூரைட் பேஸ்ட் போட்டு ரெண்டு வேளயும் தேய்ச்சுதான் ஆகணும், முக்கியமா படுக்கப் போறப்ப. சீலன்ட் ஓரத்துல பேந்தும் போகும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவ பல் டாக்டர் கிட்ட காட்டினா திரும்பப் பூசிடுவாங்க. அண்ணன் அக்கா ஆறாவது ஏழாவது படிச்சா அவங்களையும் கூட்டிட்டுப் போயி காட்டுங்க, 12 வயசு வாக்குல இன்னொரு செட்டு கடவாப்பல்லு பின்னாடி வரும்.

டாக்டருங்க வர்ற வியாழக்கிழமை காலைல வர்றாங்க, காசு ஒண்ணும் கெடையாது. ஃபார்ம திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்புங்க, தொலஞ்சிருந்தா ஆபீஸ்ல வேற தர்றோம், படிச்சுச் சொல்ல ஆள் இல்லனா சாயங்காலம் நாலரைக்கு மேல நான் ஸ்கூல்லதான் இருப்பேன், நேர்ல வாங்க. புள்ளைக்கு ஏதாச்சும் அலர்ஜி இருந்தா மறக்காம ஃபார்ம்ல எழுதிடுங்க. அன்னிக்கு வழக்கம் போல சாப்பாடு குடுத்து, பல்லு வெளக்கி அனுப்புங்க.

இப்படிக்கு,
உங்கள் தலைமையாசிரியர்