ரீமாஸ்டர் என்று விற்ற கேமும் காணாமல் போன ஒரிஜினலும்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
ஒரிஜினல், ரீமாஸ்டர் ஆகிய இரண்டு பதிப்புகளையும் விலை கொடுத்து வாங்கிய வாடிக்கையாளர்

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ரீமாஸ்டரில் உள்ள பிழைகள், பழைய பதிப்பை நீக்கியது ஆகியவை குறித்து

ஐயா / அம்மா,

வணக்கம். 2004-ல் வந்த உங்கள் கேமின் ரீமாஸ்டரைப் (அதே கேமைப் படம் மெருகேற்றி இன்றைய கருவிகளுக்குக் கொண்டுவந்த பதிப்பை) பற்றிய புகார் இது. உங்கள் சேவைப் பிரிவுக்கு ஏற்கெனவே மூன்று டிக்கெட் போட்டாயிற்று. மூன்றுக்கும் ஒரே பதில்தான்: கேமை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள், ஃபைல்களைச் சரிபாருங்கள், கிராஃபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்யுங்கள். கீழே எழுதியிருக்கும் பிழைகளில் ஒன்றுகூட இதனால் தீராது. அவை கேமின் நிரலிலேயே இருக்கின்றன. எனவே இந்தக் கடிதத்தை ரீமாஸ்டரைச் செய்த குழுவின் கையில் சேர்க்க வேண்டுகிறேன்.

நான்காம் அத்தியாயத்து வெள்ளக் கிடங்கிலிருந்து தொடங்குகிறேன். நெம்புகோலை இழுத்ததும் இரும்புக் கதவு இறங்கத் தொடங்கும். அது தரையைத் தொடுவதற்குள் ஓடிக் கடந்தாக வேண்டும். ஒரிஜினலில் இதற்கு 20 வினாடி. தடங்கலில்லாமல் ஓடினால் 14 வினாடி பிடிக்கும். ஒருமுறை வழுக்கினாலும் தப்பிவிடலாம், மறுமுறை வழுக்கினால் மாட்டிக்கொள்வோம். அந்த ஆறு வினாடி இடைவெளியில்தான் அந்தக் கட்டத்தின் உயிரே இருந்தது. ரீமாஸ்டரில் 60 எஃப்பிஎஸ் (வினாடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம்) வைத்து ஸ்டாப்வாட்சில் அளந்தால் கதவு 10 வினாடியில் மூடுகிறது. வினாடிக்கு 120 ஃப்ரேம் காட்டும் 120 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 5 வினாடி. ஓடுகிறவரின் வேகமோ மாறவே இல்லை. எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் கடக்க முடியாது.

காரணம் வெளிப்படை. ஒரிஜினல் 30 எஃப்பிஎஸ்ஸில் பூட்டப்பட்ட கேம். கதவுக்கு 600 என்று ஒரு எண்ணைக் கொடுத்து, ஃப்ரேமுக்கு ஒன்றாகக் குறைத்திருக்கிறார்கள். 30 எஃப்பிஎஸ்ஸில் அது 20 வினாடி. ரீமாஸ்டர் குழு நடை, ஓட்டம், அனிமேஷன் எல்லாவற்றையும் கழிந்த நேரத்தை வைத்துக் கணக்கிடும்படி மாற்றியிருக்கிறது. இப்படி ஃப்ரேமை எண்ணும் கவுன்ட்டர்களை மட்டும் அப்படியே விட்டுவிட்டது. சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். டிரைவரின் கன்ட்ரோல் பேனலில் அதிகபட்ச ஃப்ரேம் ரேட்டை 30 என்று வைத்து அதே கதவை மூடவிட்டுப் பாருங்கள், 20 வினாடி திரும்பி வந்துவிடும். ஆனால் கேமரா திருப்பும்போதெல்லாம் படம் குதிக்கும். ஆகவே தற்காலிக வழியாகக்கூட இதைப் பிறருக்குச் சொல்ல மனம் வரவில்லை.

சண்டையில் இதே பிழை இன்னும் மோசமாகத் தாக்குகிறது. எதிரி வீசும் வாளைத் தட்டிவிட ஒரிஜினலில் ஆறு ஃப்ரேம் அவகாசம், அதாவது 200 மில்லி வினாடி. ரீமாஸ்டரிலும் அதே ஆறு ஃப்ரேம்தான். 60 எஃப்பிஎஸ்ஸில் அது 100 மில்லி வினாடி, 120-ல் வெறும் 50. கேம் மோடு (படத் தாமதத்தைக் குறைக்கும் அமைப்பு) போடாத பல டிவிகளில் கன்ட்ரோலர் பட்டனை அழுத்தியது திரையில் தெரியவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகிவிடும். இப்போதுதான் இந்த கேமுக்கு வருகிறவர்கள் "அந்தக் காலத்து கேம், தேவையில்லாமல் கஷ்டமாக வைத்திருக்கிறார்கள்" என்று விமர்சனம் எழுதுகிறார்கள். அன்றைக்கு மாதக்கணக்கில் உட்கார்ந்து அந்த ஆறு ஃப்ரேமைப் பார்த்துப் பார்த்து வைத்தவர்கள் செய்யாத தவற்றுக்கு அவர்கள் திட்டு வாங்குகிறார்கள். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

இந்தப் பிழை புதிதும் இல்லை. டார்க் சோல்ஸ் 2 என்ற கேமின் பிசி பதிப்பில் 60 எஃப்பிஎஸ்ஸில் ஆயுதங்கள் இரண்டு மடங்கு வேகத்தில் தேய்ந்தன. 2015-ல் அதைத் திருத்தினார்கள். பழைய கேமை அதிக ஃப்ரேமுக்குக் கொண்டுபோகும் எந்தக் குழுவும் முதலில் தேட வேண்டிய இடம் இந்தக் கவுன்ட்டர்கள்தான்.

அடுத்தது துறைமுகத்துப் பெயர்ப்பலகை. இரும்புப் பெட்டியைத் திறக்கும் எண் அதில் பெயின்ட்டால் எழுதியிருக்கும்: 386. ஒரிஜினல் டெக்ஸ்சர் (பொருளின் மேல் ஒட்டும் படம்) 128 பிக்சல் சதுரம். ஆறின் வலது மேல்பக்கத்தில் ஒரு துருக்கறை. உங்கள் குழு எல்லா டெக்ஸ்சர்களையும் ஏஐ மென்பொருளில் போட்டு நான்கு மடங்கு பெரிதாக்கியிருக்கிறது. மென்பொருள் துருக்கறையை எழுத்தின் கோடு என்று எடுத்துக்கொண்டு, ஆறின் வாயை மூடி எட்டாக்கிவிட்டது. பலகையில் இப்போது 388 என்று பளிச்சென்று தெரிகிறது. அதை நம்பிப் போட்டால் பெட்டி திறக்காது. மூன்று முறை தவறினால் அபாய மணி அடித்துக் காவலர்கள் வந்துவிடுவார்கள். ஒரே ஒரு படத்தைக் கையால் வரைந்து மாற்றினால் தீரும் வேலை இது. 2021-ல் வந்த ஜிடிஏ டிரைலஜி என்ற ரீமாஸ்டர் தொகுப்பின் கடைப்பலகைகளில் எழுத்துகள் சிதைந்ததை உலகமே பார்த்த பிறகும் பலகைகளை ஒருவரும் கண்ணால் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள்.

மூடுபனியை எடுத்ததும் தவறு. அன்றைய கன்சோலால் தூரத்தை வரைய முடியாததால் பனி வைத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் பனி இருக்கும் என்று தெரிந்தேதான் ஊரையும் கட்டினார்கள். இப்போது கலங்கரை விளக்கத்தில் ஏறினால் கடல் எங்கே வெட்டுப்பட்டு முடிகிறது என்று தெரிகிறது. 2012-ல் வந்த சைலன்ட் ஹில் எச்டி தொகுப்பிலும் பனி குறைந்து தண்ணீரின் விளிம்பு வெளியே தெரிந்தது.

இத்தனையையும் பொறுத்துக்கொள்ளலாம், பழைய பதிப்பு கையில் இருந்திருந்தால். ரீமாஸ்டர் வந்த நாளன்று அப்டேட் என்ற பெயரில் ஒரிஜினலின் மேலேயே அதை எழுதிவிட்டீர்கள். கடையிலிருந்தும் ஒரிஜினலை எடுத்துவிட்டீர்கள். பழைய சேவ் ஃபைல்களைப் புதியது படிப்பதில்லை. 2020-ல் வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்டு இதே தவற்றைச் செய்து, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2022-ல் பிளேடு ரன்னர் கேமின் பழைய பதிப்பை, கேம் விற்கும் ஜிஓஜி தளத்திலிருந்து எடுத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

பழைய கேம்களைப் புதுப்பிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1999-ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு 2022-ல் திராவிடர் நாகரிகமும் ராஜேந்திர சோழனின் போர்ப்பயணமும் கிடைத்தது புதுப்பித்ததால்தான். 2019-ல் வந்த ரெசிடென்ட் ஈவில் 2 கேமராவிலிருந்து சண்டை வரை எல்லாவற்றையும் மாற்றியது. ஆனால் அது அடியிலிருந்து புதிதாகக் கட்டிய கேம் (ரீமேக்) என்று சொல்லியே விற்கப்பட்டது. 1998-ன் ஒரிஜினலும் 2024-ல் பிசிக்குத் திரும்ப வந்தது. ரீமாஸ்டர் என்றால் அதே கேம் என்று வாக்குக் கொடுப்பது. ஸ்டார்கிராஃப்ட் ரீமாஸ்டர்டு அந்த வாக்கைக் காப்பாற்றியது: ஒரு தடவைக்கு 12 வீரர்களைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்ற பழைய வரம்பைக்கூடத் தொடவில்லை, எஃப்5 அழுத்தினால் பழைய கிராஃபிக்ஸ் வந்துவிடும். டயப்லோ 2 ரெசரெக்டடில் ஜி பட்டன் அதே வேலையைச் செய்கிறது.

நான் கேட்பது இவைதான். முதலாவதாக, பழைய பதிப்பைத் திருப்பிக் கொடுங்கள். கேமை விற்கும் ஸ்டீம் தளத்தில் இதற்குப் புதிதாக எதுவும் எழுத வேண்டாம். பழைய பதிப்பைத் தனி பிராஞ்சாக (கிளையாக) வைத்தால் ப்ராப்பர்ட்டீஸில் பீட்டாஸ் பகுதிக்குப் போய் வேண்டியவர்கள் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். பிறகு, கதவு, வாள் தடுப்பு உட்பட ஃப்ரேமை எண்ணும் எல்லாக் கவுன்ட்டர்களையும் நேரக் கணக்குக்கு மாற்றுங்கள். அது முடியும்வரை, செட்டிங்ஸில் சீரான 30 எஃப்பிஎஸ் பூட்டு ஒன்றாவது வேண்டும். பெயர்ப்பலகையைத் திருத்துங்கள். பனிக்கு ஒரு ஆன்-ஆஃப் கொடுங்கள். பழைய சேவ் ஃபைலைப் புதியதாக மாற்றித் தரும் வசதியும் தேவை.

பணத்தைத் திருப்பிக் கேட்பவர்களுக்கு இரண்டு மணி நேர வரம்பை (அதற்கு மேல் ஆடியிருந்தால் பணம் திரும்பாது என்பதை) காட்டி மறுக்காதீர்கள். வெள்ளக் கிடங்கு வருவதே நான்காவது மணி நேரத்தில்தான். பிழையைப் பார்ப்பதற்கு முன்பே கெடு முடிந்துவிடுகிறது.

இதே எஞ்சினில் முன்கதை ஒன்றைத் தயாரித்து வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். கவுன்ட்டர்களை இப்போதே திருத்தாவிட்டால் அந்த கேமும் இதே கோளாறோடுதான் பிறக்கும்.

2020-ன் இந்திய மின்வணிக விதிகளின்படி புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அந்தக் கெடுவுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்வேன். கதவு 30, 60, 120 எஃப்பிஎஸ்ஸில் மூடும் மூன்று வீடியோக்களும், பெயர்ப்பலகையின் பழைய, புதிய படங்களும் இத்துடன் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்