பைனுக்கு ஒரு கணக்கு, பெரணிக்கு வேறு கணக்கு

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்றாலும் நீ சும்மா இருக்கமாட்டாய் என்று தெரியும். ஆனால் அயல் பெரணிகளையும் ஊசியிலை மரங்களையும் வரைபடத்தில் ஏற்றக் கிளம்புவாய் என்று நினைக்கவில்லை! நானும் கொஞ்ச காலமாக அதே வேலையாகத்தான் அலைகிறேன். மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது.

நட்டதையும் தானாக முளைத்ததையும் எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தாய். பைனில் சுலபம். வரிசை பிடித்து ஒரே பருமனில் நின்றால் நட்டது. புல்வெளியில் முழங்கால் உயரக் கன்றும் ஆளுயர மரமும் கலந்து நின்றால் தானாக வந்தது. விதைக்கு இறக்கை உண்டு, காற்று போகிற பக்கம் போய் விழும். அதனால் புள்ளி வைப்பதோடு விடாதே, தாய்மரம் எவ்வளவு தொலைவு, முளைத்த மரம் காய்த்திருக்கிறதா என்பதையும் எழுது. தாவரச் சூழலியலாளர் ரிச்சர்ட்சனின் குழு 2000-இல் வகுத்த அளவுகோலுக்கு இவை இரண்டும் வேண்டும். விதையால் பரவும் தாவரம் 50 ஆண்டுக்குள் 100 மீட்டரைத் தாண்டிப் போய் அங்கே இனம்பெருக்கினால்தான் அதை ஆக்கிரமிப்பு இனம் என்கிறார்கள். தோப்போரத்தில் நிற்கும் நாலு கன்றைப் பார்த்துப் பதறுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

பெரணியில் தாயைத் தேடிப் போனால் கிறுக்குப் பிடித்துவிடும். பெரணிக்கு விதை கிடையாது, வித்துத்தூள்தான்; அது எங்கிருந்து வேண்டுமானாலும் பறந்து வரும். பல இனங்களில் ஒரே துகளிலிருந்து ஒரு கூட்டமே கிளம்பிவிடும். அங்கே எழுத வேண்டியது ஈரம், நிழல், சுவரா மண்சரிவா என்பதைத்தான். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த வெள்ளிப் பெரணியைப் பார்த்திருக்கிறாயா? இலையின் அடியில் வெள்ளைப் பொடி அப்பியிருக்கும். புறங்கையில் வைத்து அழுத்தி எடு, சிற்றிலை சிற்றிலையாக அச்சு விழும்.

நீரில் மிதக்கும் பெரணியான சால்வீனியா தனி ரகம். வித்து மலடு. ஒடிந்த துண்டுதான் பரவும், ஆகவே வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு போ. இதை வெகுகாலம் வேறொரு இனம் என்றே நினைத்திருந்தார்கள். 1972-இல்தான் மிட்செல் என்ற தாவரவியலாளர் தனி இனமாக விவரித்தார். பூர்வீகம் தென்கிழக்கு பிரேசில் என்று தெரிந்தது 1978-இல். அங்கிருந்து கொண்டுவந்த, இதைத் தின்னும் கூன்வண்டுதான் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியைத் துப்புரவாக்கியது. இனத்தைத் தப்பாக எடுத்துக்கொண்டால் பூர்வீகமும் தப்பிவிடும். ஆகவே புகைப்படத்தை மட்டும் நம்பாதே, மாதிரி எடுத்து உலர்த்தி வை.

இன்னொன்று: வரைபடத்தில் போகாத கட்டத்தையும் போய்த் தேடியும் காணாத கட்டத்தையும் ஒரே வெள்ளையாக விட்டுவிடாதே. சாலையோரமெல்லாம் புள்ளி மொய்க்கிறது என்றால், நாம் சாலையோரமாகவே நடந்திருக்கிறோம் என்றும் இருக்கலாம்.

உன் படிவத்தை அனுப்பு. தாய்மரத் தொலைவுக்குப் பத்தி இல்லாவிட்டால் என்னுடையதைத் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்